மரம் எந்தப் பக்கம் விழுந்தது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்கத் தென் மாநிலங்களின் வசந்தகாலப் புயல்களைப் பற்றி எழுதியிருந்தேன். ஊரையே துடைத்துப் போட்ட பெரிய டொர்னாடோக்களைப் பற்றித்தான் கேள்வி வரும் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்ன டொர்னாடோவையும் விழுந்த மரங்களையும் பற்றியவை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அங்கே வாழும் நம் ஆட்கள் பெரும்பாலும் சந்திக்கப்போவது அந்தச் சின்னதைத்தான், அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. இந்த முறை முழுக்க அந்தக் கடிதங்களுக்கே பதில்.

கேள்வி (ஹன்ட்ஸ்வில், அலபாமாவிலிருந்து ஒரு வாசகி): விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பெரிய இரைச்சல், ஒரு நிமிடம்கூட இருக்காது. விடிந்து பார்த்தால் எங்கள் தெருவில் இரண்டு ஓக், ஐந்தாறு பைன் மரங்கள் கீழே. ஒரு வீட்டுக்கும் கூரை போகவில்லை. மறுநாள் வானிலை அலுவலகம் "இஎஃப் 0 டொர்னாடோ, பலவீனமானது" என்று அறிவித்தது. நாலு மரம் விழுந்ததற்கெல்லாம் டொர்னாடோ என்று பெயர் வைப்பார்களா சார்?

பதில்: வைப்பார்கள், வைக்கத்தான் வேண்டும். மேகத்திலிருந்து தரைவரை தொடர்ச்சியாகச் சுழலும் காற்றுத் தூண் இருந்தால் அது டொர்னாடோ, அது எவ்வளவு உடைத்தது என்பது இரண்டாவது கேள்வி. அந்த இரண்டாவது கேள்விக்காக வந்ததுதான் மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோல், சுருக்கமாக இஎஃப். 2007 பிப்ரவரியிலிருந்து அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கிறது. 0 என்றால் காற்று மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர், 1 என்றால் 138 முதல் 177. இப்படியே ஏறி, 5 என்றால் 322-க்கு மேல். முதல் இரண்டு படிகளையும் சேர்த்துத்தான் வானிலைக்காரர்கள் பலவீனமானவை என்பார்கள். அந்நாட்டில் பதிவாகும் டொர்னாடோக்களில் பத்தில் எட்டுக்குக் குறையாமல் இந்த ரகம்தான்.

ஆனால் அந்த வார்த்தையை 322-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம். சென்னையிலோ மதுரையிலோ மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தாலே தெருவில் பதாகை நிற்காது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது மரத்தைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். 120 கிலோமீட்டர் காற்று ஒரு அறுபதடி ஓக்கின் தலையைப் பிடித்துத் தள்ளும்போது, அந்த மரத்துக்குக் கீழே படுத்திருக்கிற குடும்பத்துக்கு அது எந்த வகையிலும் பலவீனமானது இல்லை. கூரை போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓக் மரங்களில் ஒன்று பத்தடி தள்ளி நின்றிருந்தால் உங்கள் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும் அம்மா. இப்படிப்பட்ட டொர்னாடோக்களில் உயிர் போகும்போது பெரும்பாலும் மரம் வீட்டின் மேலோ, காரின் மேலோ, குறிப்பாக சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்திய மொபைல் ஹோம் வீடுகளின் மேலோ விழுந்துதான் போகிறது.

கேள்வி (அட்லான்டாவிலிருந்து ஒரு வாசகர்): யாரும் கண்ணால் பார்க்கவில்லை, இருட்டு, கொட்டுகிற மழை. வெறும் விழுந்த மரங்களை வைத்து அது டொர்னாடோதான், நேர்க்காற்று இல்லை என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

பதில்: நான் காத்திருந்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே கொட்டினால், தரையில் பட்டு நாலாபக்கமும் சிதறும். வாளித் தண்ணீரைச் சிமென்ட் தரையில் கவிழ்த்தால் எப்படிப் பரவும், அப்படி. நீங்கள் சொல்லும் நேர்க்காற்று இதுதான். அப்போது மரங்கள் விசிறி விரித்தது போல விலகி விலகி விழுந்திருக்கும். டொர்னாடோவில் காற்று சுழன்றுகொண்டே நடுவை நோக்கி இழுக்கப்படுகிறது, அதனால் தடத்தின் இரண்டு ஓரத்து மரங்களும் நடுக்கோட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இடப்பக்கத்து மரத்தின் தலையும் வலப்பக்கத்து மரத்தின் தலையும் ஒன்றை ஒன்று நோக்கிக் கிடக்கும். மறுநாள் காலையில் வரும் ஆய்வுக் குழுவினர் திசைகாட்டியும் ஜிபிஎஸ்ஸும் வைத்துக்கொண்டு மரம் மரமாக எந்தப் பக்கம் விழுந்தது என்று குறித்துக்கொண்டே நடக்கிறார்கள். இப்போது டிரோன் பறக்கவிட்டு மேலிருந்தும் பார்க்கிறார்கள். சின்ன டொர்னாடோவில் இது சுலபமில்லை. அதுவே மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். வலப்பக்கத்தில் ஓடுகிற வேகமும் சுழல்கிற வேகமும் கூடிவிடும், இடப்பக்கத்தில் ஒன்றை ஒன்று கழித்துவிடும், அதனால் மரமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே திசையில் விழுந்தது போலத் தெரியும். இடது ஓரத்தில் எதிர்ப்பக்கமாகக் கிடக்கும் நாலைந்து மரம்தான் முடிவைச் சொல்லும். யாராவது அவசரப்பட்டு அந்த நாலைந்தை அறுத்து அப்புறப்படுத்திவிட்டால் சாட்சி போச்சு.

விழுந்த மரங்களை வைத்துச் சுழற்காற்றைப் புரிந்துகொள்ளும் வேலையை 1920-களிலேயே எஸ்டோனியாவில் யோஹன்னஸ் லெட்ஸ்மன் தொடங்கிவிட்டார். அதை உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்தவர் தெட்சுயா ஃபுஜிட்டா. ஜப்பானியர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1945-ல் அவர் கோக்குராவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டுக்கு முதலில் குறிக்கப்பட்ட ஊர் அந்தக் கோக்குராதான். குறி பார்க்க முடியாதபடி வானம் மறைத்துவிட்டதால் விமானம் நாகசாகிக்குப் போனது. சில வாரம் கழித்து ஃபுஜிட்டா நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய், எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்தார். கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஓடியது. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் 13 அமெரிக்க மாநிலங்களில் 148 டொர்னாடோக்கள். அந்தத் தடங்களுக்கு மேல் விமானத்தில் பறந்தபோது ஒரு காட்டில் மரங்கள் நட்சத்திரம் வெடித்தது போல நாலாபக்கமும் விரிந்து கிடந்ததைப் பார்த்தார். நாகசாகி ஞாபகம் வந்தது. இது சுழற்காற்று இல்லை, மேலிருந்து இறங்கிய காற்று என்று பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் ஜூன் 24-ல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்கும்போது ஒரு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்கள். அதற்குக் காரணமும் இதே இறங்கு காற்றுதான் என்று அவர் சொன்னபோது நம்பாதவர்கள் நிறைய. இன்று விமான நிலையங்களில் அதைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு நெகிழும். விழுந்து கிடக்கும் மரங்களைப் பொறுமையாகப் பார்த்த ஒருவரால் இன்று நீங்களும் நானும் விமானத்தில் பத்திரமாக இறங்குகிறோம்.

இன்னொன்று. 2011-லிருந்து 2013-க்குள் அமெரிக்க வானிலை ரேடார்களை மாற்றியமைத்தார்கள். மழைத்துளியின் வடிவம் ஒரே மாதிரி, பிய்ந்து பறக்கும் இலையும் சுள்ளியும் கோணல்மாணல், ரேடாருக்கு இப்போது அந்த வித்தியாசம் தெரியும். நடு இரவில் ஒரு சின்ன டொர்னாடோ மரத்தின் இலைகளை மேலே வீசினால், திரையில் ஒரு நீலப் புள்ளியாக அது தெரியலாம். பார்க்க ஆளில்லாத இடத்தில் இலைகளே சாட்சி.

கேள்வி (அதே வாசகர்): பிடுங்கி விழுந்த மரம், நடுவில் முறிந்த மரம், இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பார்களா?

பதில்: கட்டாயம் பார்ப்பார்கள். அளவுகோலில் வீடு, பள்ளி, மின்கம்பம் என்று 28 வகைப் பொருள்களுக்குப் பட்டியல் உண்டு, கடைசி இரண்டும் மரங்கள். ஓக் போன்ற கடினமரம் வேரோடு சாய்ந்தால் காற்று சுமார் 146 கிலோமீட்டர் என்று தொடங்குவார்கள், அடிமரமே முறிந்தால் 177. பைன் போன்ற மென்மரத்துக்கு 140, 167. சின்னக் கிளைகள் மட்டும் ஒடிந்திருந்தால் 97. மண் ஊறிக் கிடந்ததா, வேர் அழுகியிருந்ததா என்று பார்த்து இந்த எண்ணை ஏற்றி இறக்குவார்கள். மரமும் கட்டடமும் இல்லாத வெறும் வயலில் ஓடிய டொர்னாடோவுக்கு எண்ணே கிடையாது, "தெரியவில்லை" என்றுதான் பதிவாகும்.

கேள்வி (பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு விவசாயி): ஐயா, கஜாவில் எங்கள் தென்னந்தோப்பு முழுக்கப் போனது. நீங்கள் சொல்லும் 105, 137 எல்லாம் எங்களுக்கு அடித்த காற்றுதானே? அப்படியானால் அதையும் டொர்னாடோ என்று சொல்லலாமா?

பதில்: உங்கள் கேள்வியில் பாதி ரொம்பச் சரி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியபோது அடித்த காற்றின் வேகம், டொர்னாடோ அளவுகோலில் வைத்தால் இந்தப் "பலவீன" வரிசையில்தான் வரும். உங்கள் தோப்பு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும், அதனால் அந்தச் சொல்லை நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம்.

ஆனால் இரண்டும் வேறு. கஜா கடலில் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் வந்து, மணிக்கணக்கில் அடித்தது. முதலில் ஒரு பக்கத்திலிருந்து அடித்து, கண் கடந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்து, ஆட்டி ஆட்டியே வேரைத் தளர்த்திவிட்டது. டொர்னாடோ ஒரு இடிமேகத்தின் அடியில் பிறப்பது. சின்னது என்றால் அகலம் ஐம்பது, நூறு மீட்டர், ஒரு மரத்தைக் கடக்க சில நொடி. நம் மொழியில் இரண்டுக்கும் சூறாவளி என்றே எழுதிவிடுகிறோம், இலங்கைப் பத்திரிகைகளில் ஊருக்குள் திடீரென்று அடித்துக் கூரையைத் தூக்கும் காற்றை மினி சூறாவளி என்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நான் அதனால்தான் டொர்னாடோ என்றே எழுதுகிறேன்.

கேள்வி (நாஷ்வில்லிலிருந்து ஒரு வாசகி): புயல் தொடர் என்று எச்சரிக்கும் நாள்களில் காலையிலேயே ஒரு சின்ன டொர்னாடோ வந்து நாலு மரத்தைத் தள்ளிவிட்டுப் போய்விட்டால், அப்பாடா, நமக்கு வந்தது போயிற்று என்று இருந்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் நாள் 2011 ஏப்ரல் 27.

அந்த வருஷம் ஏப்ரல் 25 முதல் 28 வரை அமெரிக்காவில் 350-க்கு மேற்பட்ட டொர்னாடோக்கள் இறங்கின, முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அலபாமாவில் மட்டும் 27-ம் தேதி ஒரே நாளில் 62. அன்று விடிவதற்கு முன்பே இடிமேகங்கள் வரிசையாகச் சேர்ந்து ஒரு வில் போல வளைந்து மாநிலத்தைக் கடந்தன. அந்த வரிசையின் முன்விளிம்பில் சின்னச் சின்னச் சுழல்கள் முளைத்து, சில நிமிடம் தரையில் ஓடி மறைந்தன. பெரும்பாலானவை சின்னவை, ஒன்றிரண்டு பெரியவையும் உண்டு. நேர்க்காற்றும் சேர்ந்துகொண்டது. எங்கே பார்த்தாலும் மரம். மரம் விழுந்த இடத்தில் மின்கம்பியும் விழுந்தது, லட்சக்கணக்கான வீடுகளில் கரன்ட் இல்லை. அவசர எச்சரிக்கையை ஒலிபரப்பும் வானிலை வானொலிக் கோபுரங்களில் பலவும் நின்றுபோயின. அப்புறம் வெயில் அடித்தது. பலரும் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள், கிளைகளை ஒதுக்கினார்கள்.

பிற்பகலில்தான் பெரியவை வந்தன. டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் வரை சுமார் 130 கிலோமீட்டர் ஓடிய இஎஃப் 4, ஹேக்கல்பர்க், ஃபில் கேம்பல் ஊர்களை அழித்த இஎஃப் 5. இரண்டிலும் சேர்த்து நூற்றுமுப்பதுக்கு மேல் உயிர்கள். காலையில் டிவியும் வானொலியும் இழந்தவர்களில் எத்தனையோ பேருக்கு மாலை எச்சரிக்கை போய்ச் சேரவேயில்லை. அந்தக் காலை நேரத்துச் சின்னப் புயல்கள் செய்த பெரிய சேதம் எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஆகவே காலையில் மரம் விழுந்தால் முதல் வேலை செல்போனைச் சார்ஜ் செய்வது, பேட்டரியில் ஓடும் வானிலை வானொலி ஒன்றை வீட்டில் வைத்திருப்பது. காரில் சார்ஜ் போடலாம். ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் கணிப்பு மையம் "வாட்ச்" என்று சொன்னால் சூழ்நிலை கூடி வருகிறது என்று அர்த்தம், உங்கள் ஊர் வானிலை அலுவலகம் "வார்னிங்" என்று சொன்னால் உடனே கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள் அறைக்குப் போக வேண்டும். இந்த வரிசைப் புயல்களில் முளைக்கும் சின்ன டொர்னாடோக்களுக்கு முன்னறிவிப்பு சில நிமிடம்தான் கிடைக்கும், சில சமயம் அதுவும் கிடைக்காது. பெரிய மரத்தின் நிழலில் மாடிப் படுக்கையறை இருந்தால் அப்படிப்பட்ட இரவில் கீழே வந்து படுங்கள். குழந்தைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

கேள்வி (சார்லட்டிலிருந்து ஒரு வாசகர்): பக்கத்து வீட்டு மரம் என் கூரையில் விழுந்தால் காப்பீடு யாருடையது?

பதில்: பெரும்பாலும் உங்களுடையது. மரம் யாருடையது என்று அங்கே பார்ப்பதில்லை, எதன் மேல் விழுந்தது என்றுதான் பார்ப்பார்கள். அது பட்டுப்போன மரம், வெட்டுங்கள் என்று முன்பே எழுத்தில் சொல்லியிருந்தீர்கள் என்றால் கதை மாறலாம். எதன் மேலும் படாமல் புல்தரையில் விழுந்த மரத்தை அப்புறப்படுத்தும் செலவு பொதுவாக உங்கள் கையிலிருந்துதான். எதையும் நகர்த்தும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு மாணவி): தெலங்கானா காட்டில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்ததாகப் படித்தேன். அதுவும் டொர்னாடோவா?

பதில்: நீ சொல்வது 2024 ஆகஸ்ட் 31. முலுகு மாவட்டம் தாட்வாய், மேடாரம் பக்கத்துக் காட்டில் சுமார் 50,000 மரங்கள் சாய்ந்தன. விஜயவாடாவை வெள்ளத்தில் மூழ்கடித்த அதே மழை நாள்கள். டொர்னாடோவா, மேலிருந்து கொட்டிய காற்றா என்று அப்போதே வாதம் எழுந்தது. மேலே சொன்ன விசிறி, நடுக்கோடு இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு அந்தக் காட்டின் வான்படங்களைப் பார், எந்த மரம் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று நீயே குறித்துப் பார். கனடாவில் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2017-லிருந்து இதையே ஒரு பெரிய திட்டமாகச் செய்கிறது. செயற்கைக்கோள் படத்தில் காட்டுக்குள் விழுந்த கோடுகளைத் தேடித் தேடி, யாரும் பார்க்காத டொர்னாடோக்களைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் நாட்டில் இப்படி ஒரு பதிவேடு வர வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. உன்னைப் போன்றவர்கள் படித்து வந்தால் நடக்கும்.

கேள்வி (ஹன்ட்ஸ்வில் வாசகியே மறுபடியும்): ஒரே வயசு மரங்களில் என் ஓக் விழுந்தது, எதிர் வீட்டு ஓக் நிற்கிறது. ஏன்? அப்புறம், பயத்தில் மீதி மரங்களையும் வெட்டிவிடலாமா என்று என் கணவர் கேட்கிறார்.

பதில்: டொர்னாடோவின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும், அது முதல் காரணம். அடுத்தது வேர். வண்டி நிறுத்த சிமென்ட் போட்டபோதோ, குழாய் பதித்தபோதோ ஒரு பக்கத்து வேரை வெட்டியிருந்தால், பத்து வருஷம் கழித்து ஒரு காற்று வந்து கணக்கு கேட்கும். விழுந்த மரத்தின் அடியில் வேரும் மண்ணும் சேர்ந்து பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டைப் பாருங்கள், ஒரு பக்கம் வேர் நறுக்கென்று முடிந்தோ கறுத்து அழுகியோ இருந்தால் விஷயம் தெரிந்துவிடும். வசந்தத்தில் புது இலை நிறைந்து பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும், மழையில் மண்ணும் இளகியிருக்கும்.

எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். மரங்கள் கூட்டமாக நிற்கும்போது ஒன்றுக்கொன்று தாங்கல், சுற்றி இருப்பதை வெட்டிவிட்டு நடுவில் ஒன்றை மட்டும் விட்டால் அது அடுத்த காற்றுக்கே போகலாம். தலையை மட்டும் மொட்டையாக வெட்டுவதும் வேண்டாம், அதிலிருந்து முளைக்கும் கிளைகளுக்குப் பிடிப்பே இருக்காது. சான்றிதழ் பெற்ற மரநிபுணர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வீட்டின் மேல் சாய்ந்த, பொந்து விழுந்த, அடியில் காளான் முளைத்த மரம் இருந்தால் அதை மட்டும் எடுங்கள். பிராட்ஃபோர்ட் பேர் (Bradford pear) என்று அழகுக்காக நடும் பேரி மரம் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம். கிளைகள் எல்லாம் ஒரே கவட்டையில் நெருக்கி முளைப்பதால் சாதாரணக் காற்றிலேயே பிளக்கும். காட்டில் பரவி மற்ற மரங்களை நெருக்குவதால் ஒஹாயோ, பென்சில்வேனியா, தென் கரோலினா மாநிலங்களில் அதை விற்கவே தடை.

விழுந்த பெரிய மரத்தை நீங்களே அறுக்க வேண்டாம். வளைந்து கிடக்கும் கிளை வில் மாதிரி, அறுத்ததும் அடிக்கும். அதைவிட மோசம் வேர்த்தட்டு. மரத்தை அறுத்துப் பாரம் குறைந்ததும் அது தானாக நிமிர்ந்து பழைய குழிக்குள் விழும், அந்தக் குழியில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள். கம்பி பட்ட மரத்தை மின்வாரியம் வரும்வரை தொடக்கூடாது. ஜெனரேட்டர் ஓட்டினால் வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள், அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

கேள்வி (மெம்ஃபிஸிலிருந்து ஒரு பாட்டி): பேரன் பிறந்த வருஷம் நட்ட மேப்பிள், என் கை கனம்தான் இருக்கும். காற்றில் சாய்ந்து வேர் பாதி வெளியே வந்துவிட்டது. பேரன் அழுகிறான். நிமிர்த்தி வைக்க முடியுமா தம்பி?

பதில்: முடியும் பாட்டி, அந்தக் கனம் என்றால் பிழைத்துவிடும், ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டும். வேர் காய விடாதீர்கள், ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். வேர் கீழே போக இடம் வரும்படி மண்ணைத் தோண்டி, பிய்ந்து தொங்கும் வேரை மட்டும் சுத்தமாக வெட்டிவிட்டு, இரண்டு பேர் மெதுவாக நிமிர்த்துங்கள். பழைய மட்டத்துக்கே மண் போட்டு, தண்ணீர் நிறைய விடுங்கள். இரண்டு பக்கமும் கழி நட்டு, அகலமான துணிப்பட்டையால் கொஞ்சம் ஆட இடம் விட்டுக் கட்டுங்கள், கம்பியால் கட்டினால் பட்டை அறுந்துவிடும். கோடை முழுக்க வாரம் இரண்டு முறை தண்ணீர். உரம் இந்த வருஷம் வேண்டாம். அடுத்த வசந்தத்தில் கட்டை அவிழ்க்கும் வேலையைப் பேரனிடமே கொடுங்கள்.